இரண்டாம் வேங்கடபதி தேவராயர்

இரண்டாம் வேங்கடபதி தேவராயர் (ஆட்சிக்காலம்: 1586 - 1614) விஜயநகரப் பேரரசை ஆண்ட நான்காவதும் இறுதியுமான ஆரவீடு மரபைச் சேர்ந்த அரசராவார். இரண்டாம் வேங்கடர், வேங்கடபதிராயர் ஆகிய பெயர்களாலும் இவர் அறியப்படுகிறார். 1565 ஆம் ஆண்டின் தலைக்கோட்டைப் போருக்குப் பின்னர் சிதறிக் கிடந்த பேரரசின் பகுதிகளைப் போரினாலும் உடன்பாட்டினாலும் மீண்டும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தவர் இவர். பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் ஆகிய மூன்று நகரங்கள் இவரது காலத்தில் அடுத்தடுத்துத் தலைநகரங்களாக இருந்தன. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கால்கொள்வதற்கு அனுமதி அளித்தவரும் இவரே.

மூன்றாகப் பங்கிடப்பட்ட நாடு

தலைக்கோட்டைப் போரில் இராமராயர் கொல்லப்பட்டு, விஜயநகரம் என்னும் பெருநகரம் சூறையாடப்பட்டது. இராமராயரின் தம்பியான திருமலை தேவராயர் எஞ்சிய படையுடனும் செல்வத்துடனும் தெற்கே சென்று பெனுகொண்டாவைத் தலைநகராக்கிக் கொண்டார். பழைய அரச மரபின் பெயரால் ஆட்சியை நடத்தி வந்த இவர், சில ஆண்டுகளில் தாமே முடிசூடி ஆரவீடு மரபைத் தொடக்கி வைத்தார்.

திருமலை தேவராயர் தமது நாட்டை மொழி வழங்கிய நிலப்பகுதிகளை ஒட்டி மூன்றாகப் பிரித்து, மூன்று மகன்களின் பொறுப்பில் விட்டார். மூத்தவரான ஸ்ரீரங்கர் பெனுகொண்டாவிலிருந்து தெலுங்கு நாட்டையும், இராமர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கன்னட நாட்டையும், இளையவரான வேங்கடர் சந்திரகிரியிலிருந்து தமிழ் நாட்டையும் கவனித்து வந்தனர். செஞ்சி, தஞ்சாவூர், மதுரை ஆகிய நாயக்க அரசுகளை மேற்பார்வை செய்யும் கடமையும் வேங்கடருக்கே உரியதாயிற்று. பழவேற்காடு ஏரியும் அதன் கரையில் இருந்த மீனவக் குப்பங்களும் துறைமுகமும் இப்பங்கில் அடங்கியிருந்தன.

ஆட்சி வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் ஒரு பகுதி தாக்கப்படும்போது மற்றைய பகுதிகள் உரிய காலத்தில் உதவிக்கு வரவில்லை என்பதே அடுத்து வந்த ஆண்டுகளின் வரலாறு ஆகும். 1572 இல் அரசரான ஸ்ரீரங்கர், பிஜப்பூர், கோல்கொண்டா ஆகிய இரு சுல்தானகங்களையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அவரே பகைவரிடம் சிறைப்பட்டார். 1580 அளவில் கொண்டவீடும் அதனைச் சூழ்ந்த கரையோரப் பகுதியும் கோல்கொண்டாவின் வசமாயின. மகப்பேறு இல்லாத நிலையில் ஸ்ரீரங்கர் காலமானார்.

ஆட்சிக்கு வருதல்

ஸ்ரீரங்கருக்கு அடுத்த உரிமையுடையவரான இராமர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார். இராமருக்குத் திருமலை, ஸ்ரீரங்கர் என்னும் இரு மகன்கள் இருந்தனர். மூத்த வழியினரான இவர்களை விடுத்து, வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்தவரான வேங்கடரை அவையோர் தேர்ந்தெடுத்தனர். போர் சூழ்ந்திருந்த காலத்தில் இளைஞர் ஒருவரை அரியணையில் அமர்த்த அவர்கள் விரும்பவில்லை எனலாம். இத்தேர்வு பேரரசைக் காத்தது. ஆனால் தாம் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்த ஓர் அரசக் கிளையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விட்டு வைத்ததும் இதுவே. வேங்கடருக்கு முடிசூட்டு விழாவை நடத்தியவர் அரச குருவான இலட்சுமிகுமார தாதாசாரியர் ஆவார். காஞ்சிபுரம் கோயிற் பணிகளால் இவர் நன்கு அறியப்பட்டவர்.

பெனுகொண்டா முற்றுகை

வேங்கடர் அரியணை ஏறிய சில ஆண்டுகளில், கோல்கொண்டா சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா பெரும் படையுடன் வந்து பெனுகொண்டாவை முற்றுகையிட்டார். பின்னர் ஐதராபாத் நகரை நிறுவியவர் இவரே. வரும் வழியில் கண்டிக்கோட்டை உள்ளிட்ட கோட்டைகள் அவரிடம் வீழ்ந்தன. பெனுகொண்டா மலைக்கோட்டை வலிமையுடையதாயினும், அப்போது நீண்ட முற்றுகையைத் தாங்கக்கூடிய உணவோ போதிய வீரர்களோ அங்கு இருக்கவில்லை.

இந்நிலையில் வேங்கடர் சுல்தானிடம் தூதுவர்களை அனுப்பிச் சமாதானம் பேசினார். பேச்சு நடக்கும்போது முற்றுகை தளர்த்தப்பட்டது. பாரசீக மொழியில் எழுதப்பட்ட கோல்கொண்டா வரலாறுகள் இதன் பின் நடந்ததைச் சற்றே கசப்புடன் விவரிக்கின்றன. மூன்று நாட்களில் கோட்டைக்குள் தானியமும் பிற பொருட்களும் கொண்டுவந்து நிரப்பப்பட்டன. நான்காம் நாள் ஜகதேவராயரின் தலைமையில் துப்பாக்கி வீரர்கள் பெருந்தொகையாகக் கோட்டைக்குள் புகுந்தனர். அவர்களின் எண்ணிக்கை 30,000 என்று அந்நூல்கள் கூறினாலும், இத்தகைய எண்களை அப்படியே ஏற்பது கடினம். தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த சுல்தான் முற்றுகையை மீண்டும் தொடங்கினார். ஆனால் மழைக்காலம் நெருங்கிவிட்டது. கிருஷ்ணை ஆற்றில் வெள்ளம் பெருகினால் தமது நாட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும் என அஞ்சி, கைப்பற்றிய கோட்டைகளில் காவற்படைகளை நிறுத்திவிட்டு அவர் பின்வாங்கினார்.

இதனை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. முற்றுகைப் போரில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை தானியக் களஞ்சியமும் பருவமழையும் ஆகும் என்பதை வேங்கடர் அறிந்திருந்தார். பல திசைகளில் இருந்த தலைவர்கள் அந்த மூன்று நாட்களுக்குள் வந்து சேர வேண்டுமானால், பேச்சு தொடங்கும் முன்னரே அவர்களுக்கு அழைப்பு போயிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். தஞ்சாவூர் நாயக்கரான அச்சுதப்பர் தம் மகன் இரகுநாதரைப் படையுடன் பெனுகொண்டாவுக்கு அனுப்பினார் என்று தஞ்சை அவையில் எழுந்த நூல்கள் பெருமையுடன் கூறுகின்றன. முன்னர் தனித்தனியே நின்ற பகுதிகள் ஒரே போருக்காகத் திரண்டது இந்த முற்றுகையின் போதுதான்.

ஜகதேவராயருக்குப் பரிசாகப் பாராமகால் பகுதி, அதாவது இன்றைய கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த நிலப்பரப்பு, அளிக்கப்பட்டது. பின்னாளில் இவரது மரபினர் சென்னபட்டணத்திலிருந்து ஆண்டனர். முற்றுகை நீங்கிய பின் வேங்கடரின் படைகள் வடக்கே சென்று கண்டிக்கோட்டை முதலிய கோட்டைகளை மீட்டன.

உள்நாட்டுத் தலைவர்களுடன் போர்கள்

வெளிப்பகைவரை விட உள்நாட்டுத் தலைவர்களை அடக்குவதிலேயே வேங்கடர் அதிக ஆண்டுகளைச் செலவிட்டார். கோலார், நந்தியால், கடப்பை பகுதிகளின் தலைவர்கள் அடுத்தடுத்துக் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டனர். 1592 அளவில் தலைநகர் பெனுகொண்டாவிலிருந்து தமக்கு நன்கு பழகிய சந்திரகிரிக்கு மாற்றப்பட்டது. சுல்தானகங்களின் எல்லையிலிருந்து விலகியிருந்தது இந்நகரின் நன்மையாகும். அத்துடன் தமிழ் நாட்டு நாயக்கர்களைக் கண்காணிப்பதற்கும் இது ஏற்ற இடமாக இருந்தது.

செஞ்சியின் கிருஷ்ணப்ப நாயக்கர் பணிய மறுத்துச் சிறைப்பட்டார். இரகுநாதரின் வேண்டுகோளின் பேரில் அவர் விடுவிக்கப்பட்டதாகத் தஞ்சை நூல்களிலிருந்து அறிகிறோம். மதுரை நாயக்கர் திறை செலுத்தாதபோது அவர் மீதும் படை சென்றது. அப்படையெடுப்பில் உடன் சென்ற அரசரின் அண்ணன் மகன் திருமலை, பாதி வழியில் அரசரைக் கைவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் திரும்பினார் எனக் கூறப்படுகிறது. 1610 இல் மைசூரின் இராஜா உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது வேங்கடர் தம் உறவினரின் உதவிக்குப் படை அனுப்பவில்லை. மாறாக, 1612 இல் உடையாரின் உரிமையை ஏற்றுக்கொண்டார். உறவினரை விடத் திறை செலுத்தும் தலைவரே மேல் என்று அவர் கருதியிருக்கக்கூடும். ஸ்ரீரங்கப்பட்டணம் கைமாறியதை ஒட்டி எழுந்த அலமேலம்மாவின் சாபம் பற்றிய கதை மைசூர்ப் பகுதியில் இன்றும் வழங்கி வருகிறது.

வேலூர் நாயக்கருடனான போர் இவற்றுள் முக்கியமானது. சின்ன பொம்ம நாயக்கரின் மகனான லிங்கம நாயக்கர் வேலூர்க் கோட்டையில் இருந்துகொண்டு தன்னுரிமையுடன் ஆள முயன்றார். பெரும்பேடு சீமைக்குத் தலைவரான வெலுகோட்டி யாசம நாயக்கர் அரசரின் தரப்பில் நின்றார். 1601 இல் உத்திரமேரூரில் நடந்த போரில் லிங்கம நாயக்கருக்குத் துணையாக வந்தவர்களை யாசமர் முறியடித்தார். பின்னர் வேலூரும் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. 1606 அளவில் அரசர் தமது அவையை வேலூருக்கு மாற்றிக்கொண்டார். இதனால் ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளில் இவர் வேலூர் அரசர் என்றும் குறிப்பிடப்படுகிறார்.

அப்பய்ய தீட்சிதர் என்னும் பேரறிஞர் வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவைப் பெற்றிருந்தவர். அவரே தமது குவலயானந்தம் என்னும் வடமொழி அணியிலக்கண நூலை வேங்கடபதியின் கட்டளையால் இயற்றியதாகக் கூறுகிறார். ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்ட அவைகளுக்கிடையே அறிஞர்கள் தடையின்றிச் சென்று வந்தனர் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இயேசு சபையினர்

1598 இல் இயேசு சபைத் துறவிகள் சந்திரகிரி அவைக்கு வந்தனர். கோயில் எழுப்பவும் சமயத்தைப் பரப்பவும் அரசர் அவர்களுக்கு அனுமதி அளித்தார். வைணவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவராக இருந்தபோதிலும், பிற சமயத்தவரின் வாதங்களைக் கேட்பதில் அவர் ஆர்வம் காட்டினார். ஓவியங்களில் அவருக்கு மிகுந்த விருப்பம் இருந்ததால், ஐரோப்பிய ஓவியர் ஒருவரும் அவையில் தங்கினார். இத்துறவிகள் எழுதிய கடிதங்கள் இல்லையெனில் இவ்வரசரின் தனிப்பட்ட இயல்புகளைப் பற்றி நாம் அறியக்கூடியது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

பழவேற்காடும் ஒல்லாந்தரும்

பழவேற்காடு ஏரி கடலிலிருந்து ஒரு மணல்திட்டினால் பிரிக்கப்பட்டு, முகத்துவாரத்தின் வழியாகக் கடலுடன் இணைந்துள்ளது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட, சரக்குகள் படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன. விஜயநகர காலத்தில் ஆனந்தராயன் பட்டினம் என்றும் அழைக்கப்பட்ட இத்துறை, 16 ஆம் நூற்றாண்டில் மலாக்கா முதலிய கீழ்த்திசைத் துறைகளுக்குத் துணி ஏற்றுமதி செய்வதில் முன்னணியில் இருந்தது. துணிகளுக்கு மாற்றாக நறுமணப் பொருட்கள் வந்து இறங்கின. இங்கு கிடைத்த சுங்க வருமானம் ஓயாது போர் புரிந்துகொண்டிருந்த ஓர் அரசுக்குப் பெரிதும் தேவைப்பட்டது.

சோழமண்டலக் கரையில் அதுவரை போர்த்துக்கேயரே செல்வாக்குடன் இருந்தனர். மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் அவர்களது குடியிருப்பாகும். 1608 இல் செஞ்சி நாயக்கர் தேவனாம்பட்டினத்தில் ஒல்லாந்தருக்கு இடமளித்தபோது, போர்த்துக்கேயரின் தூண்டுதலால் வேங்கடர் அதனை எதிர்த்தார். எனினும் இரண்டே ஆண்டுகளில் அவரது நிலைப்பாடு மாறியது. 1610 இல் பழவேற்காட்டில் வணிகம் செய்யும் உரிமையை அவர் ஒல்லாந்தருக்கு வழங்கினார். ஐரோப்பியருள் ஒரு தரப்பினரை மற்றொரு தரப்பினருக்கு எதிராக நிறுத்தி வைப்பதில் நன்மை உண்டு என அவர் எண்ணியிருக்கலாம்.

அப்போது பழவேற்காட்டின் வருமானம் அரசியருள் ஒருவரான ஓபாயம்மாவுக்கு உரியதாக இருந்தது. கொண்டம்மா என்னும் பெண் அவர் சார்பில் ஊரை நிருவகித்தார். 1611 இல் குளோப் என்னும் ஆங்கிலேயக் கப்பல் இங்கு வந்தபோது, இத்துறையில் வணிகம் செய்யும் உரிமை தமக்கு மட்டுமே அளிக்கப்பட்டுள்ளதாகக் கூறி ஒல்லாந்தர் தடுத்தனர். கொண்டம்மாவின் வருகைக்காகக் காத்திருந்தும் ஆங்கிலேயருக்குப் பயன் கிட்டவில்லை. அவர்கள் வடக்கே சென்று, கோல்கொண்டாவின் ஆட்சியில் இருந்த நிசாம்பட்டினத்திலும் மசூலிப்பட்டினத்திலும் வணிகத்தைத் தொடங்கினர்.

1612 இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கேயர் பழவேற்காட்டைத் தாக்கி ஒல்லாந்தரின் பண்டகசாலையை அழித்தனர். இதன் பின்னர், அரசியின் தரப்பில் தொடங்கப்பட்ட கோட்டைப் பணியை ஒல்லாந்தரே தமது செலவில் முடித்தனர். பணியை மேற்கொண்ட வெம்மர் வான் பெர்க்கெம் தமது சொந்த மாகாணத்தின் பெயரால் இதற்குக் கெல்திரியா கோட்டை எனப் பெயரிட்டார். 1613 இல் கோட்டை கட்டி முடிக்கப்பட்டது. உள்நாட்டுத் தலைவர்கள் கோட்டைகளைப் பற்றிக்கொண்டு தன்னுரிமை பெறாதவாறு வாழ்நாள் முழுதும் போரிட்ட அரசர், தமது நாட்டின் சிறந்த துறையில் அயலார் கோட்டை கட்ட இடமளித்தது வியப்புக்குரியது.

வாரிசுரிமையும் இறப்பும்

வேங்கடருக்குப் பல அரசியர் இருந்தும் ஆண் மகவு இல்லை. கொப்பூரி குலத்தைச் சேர்ந்த அரசி ஒருவர், பிறருடைய குழந்தை ஒன்றைத் தம் வயிற்றில் பிறந்ததாகக் கூறி அரண்மனையில் வளர்த்தார். அரசர் உண்மையை அறிந்திருந்தும், அரசியின் மீது கொண்ட அன்பினால் அதனை வெளிப்படுத்தவில்லை என்று மனுவேல் பராதாஸ் என்னும் இயேசு சபைத் துறவி 1616 டிசம்பரில் எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. சிறுவன் அரச மகனாகவே நடத்தப்பட்டான்.

இறப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் அரசர் தலைவர்களை அழைத்து, அண்ணன் இராமரின் இளைய மகனான ஸ்ரீரங்கரிடம் தமது மோதிரத்தைக் கொடுத்தார். சிக்கராயர் என்றும் அழைக்கப்பட்ட ஸ்ரீரங்கர் முதலில் அதனை ஏற்கத் தயங்கி, வேறொருவருக்கு அளிக்குமாறு வேண்டியதாகப் பராதாஸ் குறிப்பிடுகிறார். பல ஆண்டுகளுக்கு முன்பே ஐயத்துக்கு இடமின்றி அறிவித்திருக்க வேண்டிய ஒன்றை வேங்கடர் மரணப் படுக்கை வரை தள்ளிப்போட்டார். 1614 அக்டோபரில் அவர் காலமானார். ஓபாயம்மா உள்ளிட்ட மூன்று அரசியர் உடன்கட்டை ஏறினர் என்ற செய்தி மசூலிப்பட்டினம் வரை எட்டியது.

பின்விளைவுகள்

கொப்பூரி குலத் தலைவரான ஜக்கராயர் சிறுவனின் தரப்பை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கரையும் அவரது குடும்பத்தையும் சிறையிலிட்டார். யாசம நாயக்கர் இதற்கு உடன்படவில்லை. சலவைத் தொழிலாளி ஒருவரின் உதவியால், துணி மூட்டைக்குள் மறைத்து ஸ்ரீரங்கரின் இரண்டாவது மகன் இராமர் வெளியே கொண்டுவரப்பட்டார். எஞ்சியோரை மீட்கச் சுரங்கம் தோண்டிய முயற்சி வெளிப்பட்டுவிட்டது. இறுதியில் அரசரும் குடும்பத்தினரும் சிறையிலேயே மடிந்தனர்.

நாடு மீண்டும் இரண்டாகப் பிளந்தது. செஞ்சி, மதுரை நாயக்கர்கள் ஜக்கராயருடனும், தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் யாசமருடனும் சேர்ந்தனர். ஜக்கராயரின் தரப்பினர் காவிரி அணையை உடைத்ததாகத் தஞ்சை நூல்கள் கூறும். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயர் கொல்லப்பட்டார். சிறுவர் இராமதேவருக்கு 1617 இல் கும்பகோணத்தில் முடிசூட்டப்பட்டது. ஆனால் ஜக்கராயரின் தம்பி எதிராசர் போரைத் தொடர்ந்தார். அவரது மகளை இராமதேவர் மணந்த பின்னரே ஓரளவு அமைதி ஏற்பட்டது. வேங்கடர் மீட்ட நாட்டின் வடபகுதிகள் படிப்படியாகச் சுல்தானகங்களிடம் சென்றன. நாயக்கர்கள் பெயரளவில் மட்டுமே பேரரசரை ஏற்றனர்.

இப்போர்களின் சுமை கரையோர ஊர்களின் மேலும் விழுந்தது. 1622 - 1623 ஆண்டுகளில், வறட்சியாலும் கடனாலும் நலிந்த மக்களுள் சுமார் 1,900 பேரை ஒல்லாந்தர் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றினர். கெல்திரியா கோட்டை 1616 முதல் 1690 வரை சோழமண்டலக் கரை ஒல்லாந்தரின் தலைமையிடமாக இருந்தது. பின்னர் இது நாகப்பட்டினத்துக்கு மாறியது.

எச்சங்கள்

வேங்கடர் வெளியிட்ட பொன் நாணயங்களில் திருவேங்கடமுடையானின் உருவமும் அவருக்கு வணக்கம் கூறும் நாகரி எழுத்துகளும் காணப்படுகின்றன. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயரும் அவரது இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் சிலைகளுக்கு எதிரே உள்ள சிலைகளுள் ஒன்றில் வேங்கடபதிராயர் என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அது இவ்வரசரையே குறிக்கும் என்பது பொதுவான கருத்தாகும். ஈராஸ் பாதிரியார் 1927 இல் வெளியிட்ட ஆரவீடு மரபு பற்றிய நூல் இவரது ஆட்சியை மிக விரிவாக ஆராய்கிறது.

பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையை ஆங்கிலேயர் 1806 இல் இடித்துவிட்டனர். புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும் மட்டுமே இப்போது எஞ்சியுள்ளன. அருகிலுள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக உள்ளது. ஏரிக்கரை மீனவ ஊர்களுள் ஒன்றான கோட்டைக்குப்பம் தன் பெயரில் கோட்டை என்னும் சொல்லைத் தாங்கியுள்ளது.